செக்கல் நேரத்தில் உங்கள் கண்ணை அப்படியே நம்பாதீர்கள்

நியூசிலாந்தில் மார்ச் கடைசியில் சிவப்பு மான்கள் இணைசேரும் காலம் தொடங்கும். ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் கலைமான்கள், அதாவது ஆண் மான்கள், காடே அதிரும்படி கத்தும். அதற்கு இங்கே 'ரோர்' என்று பெயர். வருசம் முழுக்கத் துவக்கைத் தொடாதவர்கள்கூட அந்த மூன்று நான்கு கிழமைக்குள் லீவு போட்டுவிட்டுக் காட்டுக்குப் போவார்கள். நான் மனவாட்டுப் பக்கம் ஒப்டோமெட்ரிஸ்டாக, அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவராக வேலை பார்க்கிறேன். அந்த நாட்களில் என்னிடம் வரும் வேட்டைக்காரர்களின் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "ஸ்கோப் மங்கலாக இருக்கிறது." குறி பார்க்கத் துவக்கின் மேல் பூட்டும் தூரநோக்கிதான் ஸ்கோப்.

சில வருசங்களுக்கு முன் அப்படி வந்தவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. நாற்பது வருச வேட்டை அனுபவம். ஸ்கோப்பை மாற்றியும் பார்த்துவிட்டார். நல்ல வெளிச்சத்தில் எழுத்துப் பலகையைக் கிட்டத்தட்டக் கடைசி வரி வரை வாசித்தார். அறை விளக்கைக் குறைத்து, கறுப்பு எழுத்துக்குப் பதிலாக வெளிர் சாம்பல் எழுத்துகளைக் காட்டினேன். மூன்றாவது வரியோடு நின்றுவிட்டார். இரண்டு கண்ணிலும் கண்புரை தொடங்கியிருந்தது.

அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார். போன கிழமை பொழுது சாயும் நேரத்தில் ஒரு புதருக்குப் பின்னால் மானின் கழுத்தையும் ஒரு காதையும் கண்டிருக்கிறார். துவக்கைத் தோளில் வைத்து, சேஃப்டியையும் தள்ளியாயிற்று. மனதில் ஏதோ உறுத்த, துவக்கை இறக்கிவிட்டுப் பைனாகுலரை எடுத்திருக்கிறார். அங்கே குந்தியிருந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் அவருடைய மருமகன். காது என்று கண்டது அவன் தோள்பையின் வார்.

"எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை" என்றார். அதையே இரண்டு தரம் சொன்னார். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

நம் விழித்திரையில் இரண்டு வகை ஒளி உணர் செல்கள் இருக்கின்றன. கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 லட்சம். நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுவது இவைதான், ஆனால் இவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். கோல் செல்கள் ஏறத்தாழ 12 கோடி. மிகக் குறைந்த வெளிச்சத்திலும் இவை வேலை செய்யும், ஆனால் நிறம் தெரியாது, விளிம்புகள் கரைந்துபோகும். பகலில் 6/6, அதாவது குறையில்லாத, பார்வை உள்ள ஒருவருக்கு, கோல் செல்கள் மட்டும் வேலை செய்யும் இருட்டில் பார்வை 6/60 அளவுக்கு இறங்கிவிடும். பலகையின் உச்சியில் இருக்கும் அந்த ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும் தெரியும் நிலை அது. பகலில் அந்த அளவு பார்வை உள்ள ஒருவர் கையில் யாராவது துவக்கைக் கொடுப்போமா?

இன்னொன்றும் இருக்கிறது. விழித்திரையின் நட்டநடுவில், நாம் ஒன்றை உற்றுப் பார்க்கும்போது பயன்படும் புள்ளியில், கோல் செல்களே இல்லை. அதனால் இருட்டில் எதை முறைத்துப் பார்க்கிறோமோ அதுதான் முதலில் மறையும். ஓரப் பார்வையில் ஏதோ அசைந்ததுபோல இருக்கும், திரும்பி நேராகப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. சிறு பிள்ளையில் மங்கலான நட்சத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கம். ஓரக்கண் அசைவைக் கண்டுபிடிக்கத்தான் கெட்டி. அசைந்தது ஆடா, ஆளா என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்புவது மூளை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊரில் சொல்வார்கள். காலையிலிருந்து நனைந்து, குளிரில் நடந்து, மானையே நினைத்துக்கொண்டிருப்பவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் மான். ஒரு கிளை கொம்பாகும், ஒரு வார் காதாகும், பழுப்பு ஜாக்கெட் தோலாகும். இதில் பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இல்லை. சுட்டவர் பிறகு பொலிசாரிடம் "மானைத்தான் பார்த்தேன்" என்று சொல்லும்போது அவர் உண்மையாகவே அதைத்தான் பார்த்திருக்கிறார். அந்த நேரத்தில் மனதில் வரும் உறுதி, கண் தெளிவாகக் கண்டதற்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தசரதனின் கதை நமக்கெல்லாம் தெரியும். இருட்டில் ஆற்றில் குடம் நிறையும் சத்தத்தை யானை தண்ணீர் குடிக்கும் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அம்பை விட்டான். சத்தத்தை வைத்தே குறி தவறாமல் அடிக்கத் தெரிந்தவன் அவன். குறி தவறவில்லை, கண் தெரியாத தாய் தகப்பனுக்குத் தண்ணீர் மொள்ள வந்த பிள்ளையின் மேல் பட்டது. சுடுவதில் உள்ள திறமை வேறு, எதைச் சுடுகிறோம் என்று அறிவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான கதையை நான் கேட்டதில்லை. இங்கே நடக்கும் விபத்துகளிலும் சுட்டவர் பல நேரம் புதியவராக இருப்பதில்லை. பட்டவர் பெரும்பாலும் கூடப்போன நண்பர், அல்லது உறவினர்.

ரோர் காலத்தில் தசரதனின் பிழை அப்படியே திரும்ப நடக்க வழி இருக்கிறது. வேட்டைக்காரர்கள் கொம்பிலோ குழாயிலோ வாயை வைத்துக் கலைமான்போலக் கத்துவார்கள். எதிர்ப்பக்கம் இன்னொரு கலைமான் பதில் கொடுக்கும். சில நேரம் அந்தப் பதிலும் ஒரு மனிதனுடையதுதான். இருவரும் ஒருவரையொருவர் மான் என்று நினைத்து, புதருக்குள் குனிந்து, சத்தமில்லாமல் நெருங்கி வருவார்கள். ஏப்ரல் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளிவிடுவதால் திடீரென்று மாலை சுருங்கிவிடும். போன கிழமை இந்த நேரம் வெளிச்சம் இருந்ததே என்று மனம் சொல்லும், காடோ இருட்டிக்கொண்டு வரும்.

நியூசிலாந்தில் துவக்கு உரிமம் எடுப்பவர்கள் படிக்க வேண்டிய ஏழு பாதுகாப்பு விதிகளில் நாலாவது, சுடப்போவது இன்னதென்று எள்ளளவும் சந்தேகமின்றி அடையாளம் காண வேண்டும் என்பது. அதன் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: சத்தம், அசைவு, நிறம், உருவம் எல்லாமே ஏமாற்றும், எனவே வேறு ஏதோ என்று நிரூபணமாகும் வரை அதை மனிதன் என்றே எடுத்துக்கொள். ஒரு கண் பரிசோதகராக இதைவிடச் சரியான அறிவுரையை என்னால் எழுத முடியாது. மூளை எதையாவது இட்டு நிரப்பத்தான் போகிறது. அதை முதலில் 'மனிதன்' என்று நிரப்பப் பழக்கிவிட்டால், மான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு மானுக்குப் போய்விடும். தலை, கழுத்து, தோள், அவை உடம்போடு சேர்ந்திருக்கும் விதம், எல்லாம் தெரிய வேண்டும். ஒரு துண்டு பழுப்பு போதாது. கூடப்போனவர் எங்கே என்று தெரியாவிட்டால் அவரைக் கண்டுபிடிக்கும் வரை வேட்டையை நிறுத்திவிட வேண்டும்.

2010 ஒக்டோபரில், நீண்ட வார விடுமுறையொன்றில், தூராங்கிக்கு அருகே கைமனவா வனப்பூங்காவின் முகாம் இடத்தில் நடந்தது இந்த நாட்டில் பலருக்கும் மறக்காது. இரவில் தலையில் டோர்ச் கட்டிக்கொண்டு பல் துலக்கிக்கொண்டிருந்த ஓர் இளம் பெண்ணை, வாகனத்திலிருந்து ஸ்பொட்லைட் அடித்து மான் தேடிய ஒருவர் சுட்டுவிட்டார். டோர்ச் வெளிச்சம் அவருக்கு மானின் கண்ணாகத் தெரிந்திருக்கிறது. அவருக்கு இரண்டரை வருசச் சிறை. அந்தப் பெண் திரும்பி வரப்போவதில்லை.

மானின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பும் ஒரு படலம் உண்டு, அதனால்தான் வெளிச்சம் பட்டால் கண் மின்னும். மாட்டுக்கும் குதிரைக்கும் நாய்க்கும் பூனைக்கும்கூட அதே படலம் இருக்கிறது. பன்றிக்கு இல்லை. மனிதனுக்கும் இல்லை, ஆனால் மனிதன் கட்டியிருக்கும் டோர்ச், மூக்குக்கண்ணாடி, கூடாரக் கயிற்றில் தைத்த மினுக்குப் பட்டி எல்லாம் மின்னும். மின்னுவது ஒரு ஒளிப்புள்ளி, அவ்வளவுதான். அதை வைத்து விலங்கின் பெயரைச் சொல்ல யாராலும் முடியாது. இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களத்தின் (DOC) பொது நிலங்களில் பொழுது பட்டு அரை மணித்தியாலத்துக்குப் பிறகு வேட்டையாடக்கூடாது என்று விதி இருப்பது காரணமில்லாமல் இல்லை. தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு இரவில் முயலையும் பொசம் என்ற மரவிலங்கையும் சுடுபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: லைட்டில் மின்னும் கண்ணைக் கண்டவுடன் சுடாதீர்கள், உடம்பு தெரியும் வரை பொறுங்கள், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். சின்ன .22 தோட்டாகூட ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டிப் போகும்.

இப்போது எல்லோரிடமும் தெர்மல் கருவி வந்துவிட்டது. "இனிக் கண் எதற்கு, அது ஒரு கிலோமீட்டர் தள்ளியே காட்டுகிறதே" என்று என்னிடம் ஒருவர் சொன்னார். அது காட்டுவது சூட்டை. 1958இல் அமெரிக்க இராணுவ ஆய்வாளர் ஜோன் ஜோன்சன் வகுத்த ஒரு கணக்கு இந்தத் துறையில் இன்றும் பயன்படுகிறது. அதன்படி, ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிய அதன் குறுக்கே இரண்டு படப்புள்ளி (பிக்சல்) விழுந்தால் போதும். அது என்ன வகை என்று பிரிக்க எட்டு வேண்டும், இன்னதுதான் என்று சொல்லப் பதின்மூன்று அளவு வேண்டும். அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்புக்குத்தான். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் தூரம் முதல் கணக்குக்கு உரியது. அதில் ஆறில் ஒரு பங்கு தூரத்துக்குள்தான் உங்களுக்குத் தேவையான விடை கிடைக்கும். மழையிலும் மூடுபனியிலும் அதுவும் குறையும். தெர்மலில் கண்ட ஒன்றை அடையாளம் காண இன்னொரு வழியும் கையில் இருக்க வேண்டும்.

ஸ்கோப்பை அதற்குப் பயன்படுத்தக்கூடாது. என்னவென்று தெரியாத ஒன்றின் மேல் ஏற்கெனவே துவக்கை நீட்டியாயிற்று என்றுதான் அதற்கு அர்த்தம். பைனாகுலர் கழுத்தில் தொங்கட்டும். வாங்கும்போது இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 8x42 என்றால் 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 10x25 என்றால் 2.5. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னது பகலுக்கு நல்லது, செக்கலில் உதவாது. டோர்ச்சையோ போன் திரையையோ ஒரு தரம் பார்த்தால், 20, 30 நிமிடம் எடுத்து இருட்டுக்குப் பழகிய கண் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். 'இரவுக் கண்ணாடி' என்று விற்கும் மஞ்சள் கண்ணாடியை வேண்டாம் என்றே சொல்வேன். இருக்கிற ஒளியையும் அது குறைக்கும்.

வயதைப் பற்றி வேட்டைக்காரர்களிடம் பேசுவது கஷ்டம், ஆனாலும் பேசுகிறேன். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் ஒளியில் அறுபது வயதில் மூன்றில் ஒரு பங்குதான் போகும், கண்மணி சுருங்குவதாலும் வில்லை மஞ்சளாவதாலும். நம் தமிழ் ஆட்களில் நீரிழிவு அதிகம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: விழித்திரைக்கு லேசர் செய்தவர்களுக்கு இரவுப் பார்வையும் ஓரப் பார்வையும் குறைந்திருக்கலாம். பலகையில் 6/6 வாசித்தேன் என்பது நல்ல வெளிச்சத்தில் கறுப்பு எழுத்தை வாசித்தேன் என்பதுதான். வெளிர் சாம்பல் எழுத்துகளைக் காட்டிப் பார்க்கும் மாறுபாட்டு உணர்வையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

காட்டுக்கு நடக்க மட்டும் போகிறவர்களும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒளிரும் செம்மஞ்சள் சட்டை பகலில் நன்றாகத் தெரியும், ஆனால் இருட்ட இருட்டச் சிவப்புப் பக்க நிறங்கள்தான் முதலில் கறுக்கும், கோல் செல்களுக்கு அவை தெரியாது. ஐரோப்பிய வழி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடும் சரியாகத் தெரியாது. ஆகவே சட்டையை மட்டும் நம்பாதீர்கள், செக்கலில் பேசிக்கொண்டே நடங்கள். தூரத்தில் ஸ்பொட்லைட் சுழன்றால் வாய்விட்டுக் கூப்பிடுங்கள். மனிதக் குரலை யாரும் மான் என்று நினைக்கமாட்டார்கள்.

இங்கே ஃபொக்ஸ்டன் பக்கத்தில் வாழும் மரைகளின் (சாம்பார் மான்களின்) முன்னோர் 1870களில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. மரையைப் பற்றி யாராவது என்னிடம் பேசும்போதெல்லாம் வன்னியும், அங்கே கம்பி இழுத்துக் கட்டும் கட்டுத்துவக்கும் நினைவுக்கு வரும். அடையாளம் காணும் வேலையையே முழுதாகக் கைவிட்ட ஆயுதம் அது. பன்றிக்குக் கட்டியது, விறகுக்குப் போனவரின் காலைக் கொண்டுபோகிறது. இதை வாசிப்பவர்கள் யாராவது வயல் காவலுக்கு அப்படி ஒன்றைக் கட்டியிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள்.

அந்தப் பெரியவர் கண்புரையை எடுத்துவிட்டார். இப்போதும் வேட்டைக்குப் போகிறார், மருமகனோடுதான். ரோர் தொடங்கிய பிறகு அவசரமாக வருகிறவர்களுக்கு என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை. கண்ணாடி செய்துவரக் கொஞ்ச நாள் எடுக்கும், கண்புரைக்கு அதைவிடக் கூட. பெப்ரவரியிலேயே வாருங்கள். வரும்போது பைனாகுலரையும் கொண்டுவாருங்கள், அறை விளக்கை அணைத்துவிட்டு இருவருமாகப் பார்ப்போம்.