பிளஸ் ஒன்: எந்த குரூப், எந்த மீடியம், எந்தப் பள்ளி?

பிளஸ் ஒன் சேரும் அன்று மூன்று முடிவுகள் ஒன்றாக எடுக்கப்படுகின்றன. எந்த குரூப், தமிழ் வழியா ஆங்கில வழியா, எந்தப் பள்ளி. வீட்டில் குரூப்பைப் பற்றித்தான் மாதக்கணக்கில் பேச்சு நடக்கும். மற்ற இரண்டும் பேசப்படாமலே முடிந்துவிடும். இட ஒதுக்கீட்டிலும் உதவித்தொகையிலும் பிள்ளைகள் இழப்பது பெரும்பாலும் அந்த இரண்டால்தான். கடலூர் மாவட்டத்தில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து இந்த விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. புதுச்சேரி எல்லையோரம் இருப்பவர்களுக்குத் தனியாகச் சில செய்திகள் பின்னால் வருகின்றன.

முதலில் மதிப்பெண் கணக்கு. ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 100, மொத்தம் 600. மொழிப்பாடம், ஆங்கிலம் ஆகிய இரண்டும் எல்லா குரூப்புக்கும் பொது. மீதி நான்குதான் குரூப். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடங்களில் எழுத்து 90, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு 35 வேண்டும். இதற்குள் இன்னொரு நிபந்தனை இருக்கிறது: எழுத்துத் தேர்வில் மட்டும் 70க்குக் குறைந்தது 15, 90க்குக் குறைந்தது 25 எடுத்தாக வேண்டும். செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முழுதாக 30 வாங்கிய மாணவர் எழுத்தில் 14 எடுத்தால் கூட்டுத்தொகை 44 வரும், ஆனாலும் தேர்ச்சி இல்லை. கணக்கு, வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் போன்றவற்றில் செய்முறை கைகொடுக்காது. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி ஆகியவற்றில் கொடுக்கும். சுமாராகப் படிக்கும் பிள்ளைக்கு குரூப் பார்க்கும்போது இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

2017-18இல் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் கைவிடப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் மேலிருந்த பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு பிளஸ் டூ புத்தகத்துக்குத் தாவும் பழைய வழக்கம் திரும்பவும் இடம் உண்டு. நீட், ஜேஇஇ இரண்டிலும் பதினோராம் வகுப்புப் பாடங்களிலிருந்து கேள்விகள் வருகின்றன. சேரப்போகும் பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தை முழுதாக நடத்துகிறார்களா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள்.

கணக்கு இருக்கிறதா, உயிரியல் இருக்கிறதா

குரூப்களுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஃபர்ஸ்ட் குரூப் என்று ஒரு பள்ளி சொல்வதை இன்னொரு பள்ளி பயோ மேத்ஸ் என்று சொல்லும். அதனால் பெயரைக் கேட்டுச் சேராமல் நான்கு பாடங்களின் பெயரையும் எழுதி வாங்குங்கள். அதில் இரண்டைத் தேடினால் போதும்: கணக்கு, உயிரியல்.

இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் சேர்ந்த குரூப்பில் இரண்டும் உண்டு. பொறியியலுக்கும் போகலாம், நீட்டும் எழுதலாம். கால்நடை மருத்துவம், மீன்வளம், வேளாண்மை, நர்சிங், பார்மசி எல்லாமே திறந்திருக்கும். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வந்தால் நீட், நர்சிங், கால்நடை மூன்றும் போய்விடும், பொறியியல் நிற்கும். கணக்கை விட்டுத் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு தனிப் பாடங்களாக எடுப்பது பியூர் சயின்ஸ். அதில் மருத்துவம் சார்ந்த படிப்புகள் நிற்கும், பொறியியல் முழுதாகப் போய்விடும், பி.எஸ்சி. கணிதமும் கிடையாது.

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கப் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாக வேண்டும் என்று எத்தனையோ பெற்றோர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதியே இல்லை. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணக்கு மதிப்பெண் அப்படியே 100க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50க்கு ஒவ்வொன்றும். கணக்கில் 80, இயற்பியலில் 70, வேதியியலில் 76 எடுத்தவருக்கு 80 + 35 + 38 = 153. நான்காவது பாடம் எதுவாக இருந்தாலும் அதில் நூறே வாங்கினாலும் இந்தக் கணக்குக்குள் வராது. பண்ருட்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் இடம் பிடிக்கவும் இதே கணக்குதான். விண்ணப்பிக்கவே பொதுப்பிரிவினர் இம்மூன்று பாடங்களில் சராசரியாக 45 சதவீதமும் மற்றப் பிரிவினர் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும்.

அரசு கலைக் கல்லூரிகளில் நிலைமை வேறு. கடலூர் பெரியார் கலைக் கல்லூரியோ, விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரியோ, அங்கே பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண் வைத்துத்தான் தரவரிசை. அங்கே நான்காவது பாடமும் எண்ணப்படும்.

முடிவெடுக்காத பிள்ளைக்கு, கணக்கு ஓரளவு வரும் என்றால், கணக்கும் உயிரியலும் உள்ள குரூப்பையே பரிந்துரைப்போம். ஆனால் ‘ஓரளவு வரும்’ என்பதைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் வைத்து அளக்காதீர்கள். பத்தாம் வகுப்பில் பயிற்சிக் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டு 80 வாங்கியவரும் பிளஸ் ஒன் முதல் இடைத்தேர்வில் திணறுவது சகஜம். காரணம் பாட வரிசையில் இருக்கிறது. இயற்பியலின் இரண்டாம் அலகான இயக்கவியலுக்கு வெக்டரும், வகையீடும், தொகையீடும் தெரிய வேண்டும். கணக்குப் புத்தகத்திலோ அவை இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. கணக்கில் இன்னும் படிக்காததை வைத்து இயற்பியல் கணக்கைப் போடவேண்டிய நிலை வரும்போது, தனக்கு இயற்பியல் வராது என்று மாணவர் முடிவுகட்டிக்கொள்கிறார். இயற்பியல் ஆசிரியர் தொடக்கத்தில் பத்து நாள் ஒதுக்கி வகையீட்டின் அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தால் இந்தத் தடுமாற்றம் பெருமளவு குறையும். அப்படிச் செய்யாத பள்ளி என்றால், கோடை விடுமுறையிலேயே முக்கோணவியல் சூத்திரங்களையும் எளிய வகையீட்டையும் யாரிடமாவது கற்றுக்கொண்டு போவது நல்லது.

காமர்ஸ் குரூப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் வழக்கமாக இருக்கும். நான்காவதாக வணிகக் கணிதமா கணினிப் பயன்பாடுகளா என்பதுதான் கேள்வி. கணினிப் பயன்பாடுகளில் செய்முறை 20 இருப்பதால் மதிப்பெண் எளிது. சி.ஏ. எண்ணம் உள்ளவருக்கு வணிகக் கணிதமே நல்லது: சி.ஏ. ஃபவுண்டேஷனின் நான்கு தாள்களில் ஒன்று கணிதமும் புள்ளியியலும் சார்ந்தது. மற்ற மூன்றும் கணக்குப்பதிவியல், வணிகச் சட்டம், பொருளியல். சி.ஏ. சேர எந்த குரூப்பும் தடையில்லை, ஆனால் காமர்ஸ் மாணவர் பாதித் தூரம் நடந்துவிட்டே வருகிறார். வரலாறு, புவியியல், பொருளியல் எல்லாம் வரும் கலைப் பிரிவை மதிப்பெண் குறைந்தவர்களின் கடைசி இடமாக நடத்துவது தவறு. சட்டம் படிக்கவும் அரசுப் பணித் தேர்வுகளுக்கும் அதுவே நல்ல அடித்தளம்.

தொழிற்பிரிவை, அதாவது வொகேஷனலை, பெற்றோர் யோசிக்காமலே ஒதுக்குகிறார்கள். அடிப்படை மின், இயந்திர, ஆட்டோமொபைல் பொறியியல், நர்சிங், வேளாண் அறிவியல், அலுவலக மேலாண்மை என்று பல பிரிவுகள் உண்டு. எல்லாப் பள்ளியிலும் எல்லாம் இருக்காது. பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவு மாணவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. பிளஸ் டூ அறிவியல் அல்லது தொழிற்பிரிவு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரவும் வழி உண்டு. பிளஸ் டூவே வேண்டாம் என்று நினைப்பவர் பத்து முடித்தவுடனே டிப்ளமோவின் முதலாண்டில் சேரலாம். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பாலிடெக்னிக் நிறுவனம் ஒன்று இருப்பது கடலூரில் பலருக்குத் தெரிவதில்லை.

கடல் சார்ந்த வேலைகளைப் பற்றி முதுநகர், பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். கப்பலில் அதிகாரி ஆக இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் கட்டாயம். மீன்வள அறிவியல் பட்டத்துக்கு உயிரியல் வேண்டும். இரண்டும் கடல்தான் என்றாலும் குரூப் வேறு.

பள்ளி மாறினால் என்ன போகும்

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாடு அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் சட்டமாக வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அரசுப் பள்ளிகளே. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவரும் தகுதி பெறுவார். அரசு உதவிபெறும் பள்ளி இதில் வராது.

பத்தில் 450க்கு மேல் வாங்கிய அரசுப் பள்ளி மாணவருக்குத் தனியார் பள்ளி கட்டணச் சலுகை தந்து அழைக்கும். இரண்டு வருடத்துக்கு மிச்சமாகும் அந்தத் தொகையையும், நான்கைந்து வருடக் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் எதிரெதிரே வைத்துக் கணக்குப் பாருங்கள். கட்-ஆஃபிலும் பொதுப் போட்டியைவிட 7.5 சதவீதப் பிரிவில் குறைந்த மதிப்பெண்ணுக்கே இடம் கிடைத்துவருகிறது. பதினோராம் வகுப்பில் போட்ட ஒரு டி.சி.யால் இது முழுதும் போய்விடும். பன்னிரண்டில் திரும்பி வந்தாலும் மீளாது. தொடர்ந்து ஏழு ஆண்டு என்பதே விதி.

கல்லூரியில் படிக்கும் மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரம்பு கொஞ்சம் அகலம். அரசுப் பள்ளியில் எந்த வழியில் படித்தாலும் சேரும். உதவிபெறும் பள்ளி என்றால் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூரிலோ மஞ்சக்குப்பத்திலோ உள்ள உதவிபெறும் பள்ளியில் சேரும்போது ஆங்கில வழிப் பிரிவைத் தேர்ந்தெடுத்தால், கல்லூரிக்குப் போனபின் இந்த 1000 ரூபாய் வராது.

தமிழ் வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் தகுதியாக உள்ள வேலை என்றால் ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை இடைவிடாமல் தமிழ் வழி வேண்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டையும் மட்டும் ஆங்கில வழியில் படித்தால் சங்கிலி அறுந்துவிடும். பத்தாம் வகுப்பு மட்டும் தகுதியாக உள்ள வேலைகளுக்கு இது பாதிக்காது. ஆங்கில வழிக்கு மாறவே கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து மாறுங்கள்.

எல்லையோரம்

ரெட்டிச்சாவடி, தூக்கணாம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பேருந்து வசதியால் புதுச்சேரிப் பள்ளி கிட்டத்தில் தெரியும். பாகூர், கன்னியகோயில் பக்கத்தவர்களுக்குக் கடலூர் கிட்டம். இரண்டு பக்கத்துக்கும் பாடத்திட்டமே இப்போது வேறு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறி, 2025இல் முதன்முறையாக அந்த வாரியத்தின் பொதுத்தேர்வை எழுதின.

பாடத்திட்டத்தைவிடப் பெரிய சிக்கல் இருப்பிடம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. இதில் ஒரு வகுப்பைப் புதுச்சேரியில் படித்திருந்தாலும் தமிழ்நாட்டு இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். வருவாய்த் துறையில் அதை வாங்க நாளாகும் என்பதால் கலந்தாய்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது. 7.5 சதவீதமோ புதுச்சேரிப் பள்ளியில் படித்தால் கிடைக்கவே கிடைக்காது. அதேபோலப் புதுச்சேரி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அங்கே மருத்துவத்தில் தனியாக 10 சதவீத உள் ஒதுக்கீடு உள்ளது. எல்லை தாண்டிக் கடலூரில் சேரும் புதுச்சேரிப் பிள்ளைக்கு அது கைவிட்டுப் போகும்.

சேர்க்கை நாளில்

பத்தாம் வகுப்புத் தற்காலிக மதிப்பெண் சான்றிதழ், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்கள். எல்லாவற்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். பிளஸ் ஒன் சேர்க்கையிலும் இனவாரி இட ஒதுக்கீடு பின்பற்றப்படுகிறது: பொது 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1 சதவீதம். கேட்ட குரூப்பில் இடமில்லை என்று சொன்னால், எந்தப் பிரிவில் எத்தனை இடம் நிரம்பியிருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. பதில் கிடைக்காவிட்டால் கல்வித்துறையின் 14417 உதவி எண்ணில் பேசலாம்.

கேட்டதைக் கொடுக்காமல் வேறு குரூப்பில் உட்காரவைத்து, ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று வாய்மொழியாகச் சொன்னால் நம்பியிருக்காதீர்கள். மாற்றம் வேண்டுமென்றால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாக மாறுபவர் செய்முறை வகுப்புகளைத் தவறவிட்டிருப்பார், இடைத்தேர்வு மதிப்பெண்ணும் இருக்காது, அகமதிப்பீட்டின் 10இல் அடி விழும்.

மாணவரின் குரூப், வழி, மொழிப்பாடம் மூன்றும் பள்ளிக் கல்வித்துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் இணையதளத்தில் பதிவாகும். பிளஸ் டூ பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் அதிலிருந்தே தயாராகிறது. ஆங்கில வழி என்று தவறாகப் பதிந்த தமிழ் வழி மாணவருக்குச் சான்றிதழிலும் அதுவே வரக்கூடும். சேர்ந்த முதல் மாதத்திலேயே வகுப்பாசிரியரிடம் கேட்டு அந்தப் பதிவைத் திரையில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். பிளஸ் டூவில் பெயர்ப்பட்டியல் கையெழுத்துக்கு வரும்போது பெற்றோரும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.