டூர் வேனில் தொலையும் குரலும் காதும்

டூர் தொடங்கிய ஒன்பதாம் நாள், குரல் கரகரத்துப்போன ஒரு பாடகர் என் முன்னால் வந்து உட்காருகிறார். கூடவே கிட்டார் வாசிக்கிறவரும் வந்திருக்கிறார், ஏனென்றால் பேசுவதற்கு ஒருவர் வேண்டுமே. "தினமும் ஒரு மணி நேரம்தான் பாடுறாங்க டாக்டர். வீட்டுல இருக்கும்போது இதைவிட அதிக நேரம் ரிகர்சல் நடக்கும், அப்ப ஒண்ணும் ஆகல. இப்ப மட்டும் ஏன்?" காது மூக்கு தொண்டை மருத்துவராக இந்தக் கேள்வியை எத்தனையோ சிறு இசைக்குழுக்களிடமிருந்து கேட்டிருக்கிறேன். மேனேஜரும் இல்லாமல் தனிப் பேருந்தும் இல்லாமல், ஒரே வேனில் டிரம்ஸையும் ஆட்களையும் அடைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற இண்டி பேண்டுகள் அவை. அப்போது நான் பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. நேற்று கண் விழித்ததிலிருந்து படுக்கப் போனது வரை எங்கே இருந்தீர்கள், யாரோடு பேசினீர்கள், அங்கே எவ்வளவு சத்தம் என்று மணிவாரியாகக் கேட்பேன். பெரும்பாலும் பதில் அங்கேதான் கிடைக்கும்.

முதலில் வேன். ஐந்தாறு மணி நேரப் பயணம், எஞ்சின் உறுமல், டயர் சத்தம், பாதி திறந்த ஜன்னல், அதற்கு மேல் ஸ்பீக்கரில் ஒரு பாட்டு. முன் இருக்கையில் இருப்பவர் பின் இருக்கையில் இருப்பவரோடு பேச வேண்டும் என்றால் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறார். சுற்றியுள்ள சத்தம் கூடினால் மனிதக் குரலும் தானாகக் கூடும் என்பதை 1911-இல் எட்டியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார், அவர் பெயராலேயே அது லொம்பார்ட் விளைவு என்று அழைக்கப்படுகிறது. நாமாக முடிவுசெய்து செய்வது இல்லை அது, அதனால்தான் ஆபத்து. சாதாரணப் பேச்சிலேயே பெண்களின் குரல்நாண்கள் நொடிக்கு 200 முறை அளவில் ஒன்றோடொன்று மோதுகின்றன, ஆண்களுக்கு 100-க்குச் சற்று மேல். மூச்சு வாங்குகிற இடைவெளிகளைக் கழித்தாலும் ஒரு மணி நேர அரட்டையில் லட்சக்கணக்கான மோதல்கள். குரலை உயர்த்தும்போது ஒவ்வொரு மோதலும் பலமாகிறது. ஆக, பாடகர் மேடை ஏறும் முன்பே ஒரு கச்சேரி அளவுக்கு உழைத்து முடித்திருக்கிறார், அது உழைப்பு என்றே அவருக்குத் தெரியாது.

அப்புறம் நிகழ்ச்சி முடிந்த பின் நடப்பது. என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றிலும் மோசமான நேரம். வியர்வை காயாமல் மேடையிலிருந்து இறங்கி நேராக டி-ஷர்ட் விற்கும் மேசைக்குப் போகிறார்கள். அரங்கில் டிஜே பாட்டு போட்டிருக்கிறார், ரசிகர்கள் வரிசையில் நிற்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேச வேண்டும், படம் எடுத்துக்கொள்ள வேண்டும். குரல்நாண்கள் அப்போதுதான் பாடி முடித்து லேசாக வீங்கியிருக்கும். காதும் சத்தத்தில் மந்தமாகி இருப்பதால் தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காது, அதனால் இன்னும் கத்துவார்கள். ஒன்றரை மணி நேரம் இப்படி. ஆனாலும் அந்த மேசைக்குப் போகாதீர்கள் என்று என்னால் சொல்ல முடிவதில்லை, நாளைக்கு வண்டிக்கு டீசல் போடுகிற பணம் பல நேரம் அந்த மேசையில்தான் வருகிறது. அதனால் நான் சொல்வது வேறு. மேசையை அரங்குக்குள் போடாமல் வெளித் தாழ்வாரத்தில் போடக் கேளுங்கள். விற்பனையும் கணக்கும் டிரம்மரோ பேஸ் வாசிப்பவரோ பார்க்கட்டும், பாடகர் கையெழுத்து மட்டும் போடட்டும். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் எதிரே நின்று முகத்தைப் பார்த்துக் கத்தாமல், ரசிகரின் காதருகே குனிந்து சாதாரணக் குரலில் பேசுங்கள். சத்தத்தைக் குறைக்கிற காதடைப்பான், அதாவது இயர்பிளக், போட்டுக்கொண்டே பேசிப் பாருங்கள், உங்கள் குரல் உங்களுக்கே உள்ளுக்குள் உரக்கக் கேட்பதால் தானாகத் தணிந்து பேசுவீர்கள். இந்த ஒரு பழக்கத்திலேயே தேறிய பாடகர்களைப் பார்த்திருக்கிறேன்.

குரல் கம்மிவிட்டால் கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பலருக்குக் கிசுகிசுக்கும்போது குரல்வளை இன்னும் இறுகுகிறது, அதற்குப் பேசாமலே இருக்கலாம். செருமிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான், ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்குங்கள். வேனில் மெல்லிய ஸ்ட்ரா ஒன்றை வாயில் வைத்து அதன் வழியே மெதுவாக ஸ்வரம் இழுப்பது நல்ல பயிற்சி, குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே பரவலாக்கியது. ஸ்ட்ராவின் எதிரழுத்தம் குரல்நாண்கள் பலமாக மோதாமல் அதிர உதவுகிறது. நள்ளிரவில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அப்படியே சாய்ந்து தூங்குவதும் டூரில் சகஜம், மேலேறி வரும் அமிலம் தொண்டையின் பின்பகுதியை எரித்துவிடும்.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தலைவலிக்கோ உடம்புவலிக்கோ ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு பாடப் போகாதீர்கள். அவை ரத்தம் உறைவதைக் குறைப்பதால், உச்சஸ்தாயியில் கத்தும்போது குரல்நாணில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய் வெடித்தால் கசிவு அதிகமாகும். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று அறுந்ததுபோல நின்றுவிட்டால் அப்படி ஒரு கசிவாக இருக்கலாம், அந்த நொடியே நிறுத்த வேண்டும், அடுத்த பாட்டைக்கூட முயன்று பார்க்கக் கூடாது. பாடகி அடேல் 2011-இல் குரல்நாண் ரத்தக்கசிவால் டூரை ரத்துசெய்து, அந்த நவம்பரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதேபோல, குரல்வளையை உள்ளே பார்க்காமலே "இன்னிக்கு ஒரு ஷோவுக்கு மட்டும்" என்று ஸ்டீராய்டு ஊசி கேட்பவர்கள் உண்டு, போட்டுவிடுகிற மருத்துவர்களும் உண்டு. வீக்கம் அடங்கும், குரல் வரும், அடியில் இருக்கிற காயம் தெரியாமல் அதன் மேலேயே பாடுவீர்கள். கரகரப்பு நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் யாராக இருந்தாலும் குரல்வளையைப் பார்த்துவிட வேண்டும் என்பது 2018-இல் வந்த அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல். குரலை நம்பிப் பிழைப்பவர்கள் அத்தனை நாள் காத்திருக்கவே கூடாது.

சரி, காது. பாடகர் மட்டும் அல்ல, வேனில் இருக்கிற அத்தனை பேரின் காதும். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி, 94-இல் ஒரு மணி, 100-இல் வெறும் 15 நிமிடம். சிறிய அரங்கின் சிறிய மேடையில் டிரம்ஸின் சிம்பல் தட்டு உங்கள் காதிலிருந்து இரண்டு மூன்று அடியில் இருக்கும், 100 என்பது அங்கே சர்வசாதாரணம். நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கிற சவுண்ட் செக்கிலேயே அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது. அதன்பிறகு உங்களுக்கு முன்னால் வாசிக்கிற இரண்டு குழுக்களையும் நட்புக்காக முன்வரிசையில் நின்று கேட்கிறீர்கள், கடைசியில் உங்கள் முறை. டிரம்மர்கள் தாங்கள் வாசிக்கும்போது இயர்பிளக்கால் காதை மூடுவார்கள், மற்ற குழுக்கள் வாசிக்கும்போது அதைக் கழற்றிவிடுவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பஞ்சு போன்ற ஃபோம் இயர்பிளக் மோசமில்லை, ஆனால் அது உச்ச ஒலிகளைத்தான் அதிகமாக விழுங்கும், எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாகக் கேட்கும், அதனால் இசைக்கலைஞர்கள் இரண்டாம் பாட்டிலேயே பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். எல்லா ஸ்வரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கிற ஃபில்டர் வைத்த இயர்பிளக்குகள் 1980-களின் இறுதியிலிருந்தே கிடைக்கின்றன. 9, 15, 25 டெசிபல் என்று ஃபில்டரை மாற்றிக்கொள்ளலாம். 100 டெசிபல் மேடையில் சரியாகப் பொருந்திய 15 ஃபில்டர் போட்டால் காதுக்குள் போவது 85 அளவுக்கு இறங்கிவிடும். முதல் இரண்டு வாரம் பிடிக்காது. ரிகர்சலில் போட்டுப் பழகிவிட்டு டூருக்குப் போனால் தாங்கும், டூரில் முதல்முறையாகப் போட்டால் நிச்சயம் கழற்றுவீர்கள்.

மேடையில் தங்கள் இசையைத் தாங்களே கேட்கக் காதுக்குள் மாட்டுகிற இன்-இயர் மானிட்டர் வைத்திருப்பவர்களிடம் ஒரு தவறு அடிக்கடி பார்க்கிறேன். ரசிகர்கள் பாடுவதைக் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கத்தைக் கழற்றித் தோளில் தொங்கவிடுகிறார்கள். இரண்டு காதாலும் கேட்கும்போது மூளை ஒலியைக் கூட்டிக்கொள்ளும், ஒன்று போனதும் அது குறைவாகத் தோன்றும், உடனே மீதி இருக்கிற பக்கத்தின் சத்தத்தை ஏற்றுவார்கள். ஒரு காது மேடையின் முழுச் சத்தத்தையும் வாங்குகிறது, இன்னொன்று ஏற்றிவைத்த மானிட்டரை வாங்குகிறது. அதற்குப் பதிலாக அரங்கைப் பார்த்து ஒரு மைக் வைத்து, அந்தச் சத்தத்தையும் மானிட்டரில் கலந்து தரச் சொல்லுங்கள். கிட்டாரின் ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டி விஷயமும் இதே ரகம்தான். தரையில் வைத்த ஆம்ப் வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் கேட்கிறது, காதுக்குப் போதவில்லை என்று அவர் ஏற்ற, பேஸ் ஏற்ற, டிரம்மர் ஓங்கி அடிக்க, பாடகர் கத்த. ஆம்பைச் சாய்த்து முகத்தை நோக்கித் திருப்பினால் இந்தப் போட்டியில் பாதி அங்கேயே நின்றுவிடும், செலவும் இல்லை.

"ஷோ முடிஞ்சா காது கொய்யுனு கேக்கும், காலையில சரியாயிடும்" என்று சொல்லாத இசைக்கலைஞரை நான் பார்த்ததில்லை. சரியாகிறது என்பது உண்மைதான், கேட்கும் அளவு பெரும்பாலும் ஓரிரு நாளில் திரும்பிவிடும். ஆனால் 2009-இல் ஷாரன் குஜாவாவும் சார்ல்ஸ் லிபர்மனும் எலிகளில் செய்த ஆய்வில், செவித்திறன் முழுதாகத் திரும்பிய பிறகும், ஒலியை உணரும் உள்காதின் மயிர்செல்களுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில், பாதிக்கப்பட்ட பகுதியில் பாதி அளவு வரை திரும்பவே இல்லை என்று தெரிந்தது. மனிதரின் ஒரு காதில் மயிர்செல்கள் மொத்தமே 15,000-க்குச் சற்று மேல், அழிந்தால் மறுபடி முளைக்காது. டூரில் இருப்பவருக்கோ அந்த ஓரிரு நாள்கூடக் கிடைப்பதில்லை. மந்தமான காதோடு வேனில் ஏறி, அந்த இரைச்சலிலேயே தூங்கி, மாலையில் அடுத்த ஊரின் சவுண்ட் செக். அதனால் வேனில் பகலில் இரண்டு மணி நேரமாவது பாட்டும் வேண்டாம், பேச்சும் வேண்டாம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். குரலுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கிற ஓய்வு அது, என் நோயாளிகளிடம் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்.

தூக்கம் என் துறை இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடைய நிலைக்கு இறங்குகிறது என்று 1997-இல் ஒரு ஆய்வு காட்டியது, 24 மணி நேரத்தில் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். காலை எட்டு மணிக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் என்பது இரவு ஒரு மணி, அதாவது சாமான்களை ஏற்றிவிட்டு வண்டியை எடுக்கிற அதே நேரம். 2003 ஜூலையில் தி எக்ஸ்ப்ளோடிங் ஹார்ட்ஸ் என்ற போர்ட்லாந்துக் குழு சான் பிரான்சிஸ்கோவில் வாசித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் வேன் கவிழ்ந்து, நால்வரில் மூவர் இறந்துபோனார்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தை விரட்டாது. யார் ஓட்டுவது என்பதை அன்று காலையிலேயே முடிவுசெய்யுங்கள், அவர் மதியம் தூங்கட்டும், சாமான் ஏற்ற வேண்டாம், குடிக்கவும் வேண்டாம். அப்படி ஒருவர் இல்லை என்றால் அங்கேயே தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள்.

டூருக்கு முன்னால் ஒவ்வொருவரும் செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம் பரிசோதனை ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முந்தைய நாளிலிருந்தே சத்தத்தில் இருக்காமல் வந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அளவு பயன்படாது. சத்தத்தால் வரும் பாதிப்பு முதலில் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு பள்ளமாகத் தெரியும், அப்போது உங்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஊர் திரும்பியதும் இன்னொன்று எடுத்து ஒப்பிட்டால்தான் அந்த டூர் உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று தெரியும்.

வழியில் ஒரு காலை எழும்போது ஒரு காது மட்டும் அடைத்ததுபோல இருந்தால், அழுக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வாயை மூடிக்கொண்டு "ம்ம்" என்று ஒலி எழுப்பிப் பாருங்கள். அடைத்த காதில் அது உரக்கக் கேட்டால் பெரும்பாலும் அழுக்கோ சளியோதான். நல்ல காதின் பக்கம் போய்க் கேட்டால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் கிடைத்தாக வேண்டும், முந்தினால் முந்தின அளவுக்கு நல்லது. அன்றைய சவுண்ட் செக்கை விட்டுவிடுங்கள், அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல், அப்போது இருக்கிற ஊரிலேயே ஒரு காது மருத்துவரைத் தேடிப் போங்கள்.