தாழிட்ட கதவுக்குள் ஒரு சாம்பியன்

கசாமா, பள்ளி டேபிள் டென்னிஸ் அணியின் கேப்டன். எதிரே நிற்பவர்கள் அவன் பெயரைக் கேட்டாலே பாதி தோற்றுவிடுவார்கள். அவனோ மேட்சுக்கு முன்பு கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பான். தையோ மட்சுமோட்டோ 1996, 1997 ஆண்டுகளில் வரைந்த 'பிங் பாங்' என்ற ஜப்பானிய மங்காவில், அதாவது படக்கதையில், வருகிறவன் இவன். டிராகன் என்பது பட்டப்பெயர். 2014-ல் மசாக்கி யுவாசா இந்தக் கதையை அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடராக எடுத்தார்; நம் பிள்ளைகளில் சிலர் அதைப் பார்த்திருப்பார்கள்.

விளையாடும் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. பதினைந்து, பதினாறு வயதில் மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்து வருவார்கள். "தூங்க மாட்டேங்கிறான்", "மேட்ச் அன்னைக்குக் காலையில வாந்தி எடுக்கிறா" என்று ஆரம்பிக்கும் பேச்சு. கொஞ்ச நேரம் தனியாகப் பேசினால் பெரும்பாலும் வேறொன்று வெளியே வரும்: இதைப் பற்றிப் பேச அவர்களுக்கு ஒரு ஆள்கூட இல்லை. வகுப்பில் யாரோடும் ஒட்டவில்லை, ஏனென்றால் பாதி நாள் பயிற்சி. அணியில் உள்ளவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், பக்கத்தில் வந்து உட்காருவதில்லை. வீட்டில் அடுத்த போட்டியைப் பற்றித்தான் பேச்சு.

டிராகனுக்கு நடப்பதும் இதுதான். அவனைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் அவன்மேல் மரியாதை. அவன் தோற்றால் பள்ளியின் பெயர் போய்விடும் என்பதால் ஜெயிக்கிறான். அதில் அவனுக்குத் துளி சந்தோஷமும் இல்லை. தனிமை என்றதும் ஆளில்லாத அறையை நினைக்கிறோம். நமக்கு வேண்டிய உறவுக்கும் கிடைக்கிற உறவுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் உளவியலில் தனிமை என்கிறோம். கோப்பையைத் தூக்கிப் பிடித்து நிற்கும்போதும் அந்த இடைவெளி இருக்கலாம். உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை பாதிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் சொன்னது. இளம் வயதினரிடம் அது இன்னும் அதிகம்.

கதையின் நாயகன் ட்சுகிமோட்டோவின் தனிமை வேறு மாதிரி. அவன் சிரிக்கவே மாட்டான், அதனாலேயே ஸ்மைல் என்று பெயர். மற்ற பிள்ளைகள் அவனை ரோபோ என்று கேலி செய்தார்கள். அவனும் அதையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டான். ரோபோவுக்கு வலிக்காது, யாரும் தேவையில்லை. எனக்கு அதிகக் கவலை தருவது இந்த வகைப் பிள்ளைதான். சொன்னதைச் செய்வான், அழ மாட்டான், எதிர்த்துப் பேச மாட்டான். "மெச்சூர்ட் பையன் சார்" என்று கோச் பெருமைப்படுவார். எதிரே ஆடுபவன் தவிப்பதைப் பார்த்தால் ஸ்மைல் விட்டுக்கொடுத்துத் தோற்றும்விடுவான். உணர்ச்சி இல்லாதவனால் அப்படிச் செய்ய முடியுமா?

அவனுடைய நண்பன் பெக்கோ வாயாடி, திறமைசாலி. தன்னை ஒரு ஆட்டக்காரன் என்று மட்டுமே அறிந்தவன். சின்ன வயதிலிருந்து தன்னிடம் தோற்றுக்கொண்டிருந்த சகுமாவிடம் தோற்றதும் நொறுங்கிப்போய் ஆட்டத்தையே விட்டுவிடுகிறான். 'நான் ஒரு விளையாட்டு வீரன்' என்பது ஒருவரின் மனத்தில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று அளக்க, பிரிட்டன் புரூவர் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 1993-ல் ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். அந்த இடம் பெரிதாக இருப்பது பயிற்சிக்கு நல்லதுதான். ஆனால் வேறு எதற்குமே இடமில்லாமல் போனால், ஒரு தோல்வியோ முழங்கால் காயமோ ஆளையே சாய்த்துவிடும்.

சரி, பெக்கோவை மறுபடியும் ஆட வா என்று கூப்பிடுவது யார்? அவனை வீழ்த்திய சகுமா. அதற்குள் சகுமாவும் உடைந்துபோயிருக்கிறான். எவ்வளவு உழைத்தாலும் ஸ்மைலை ஜெயிக்க முடியாது என்று தெரிந்து, அணியிலிருந்தும் விலகியவன். பெக்கோவிடம் என்ன இருக்கிறது, அது வீணானால் என்ன போகும் என்பது அவனைவிட வேறு யாருக்குத் தெரியும்? எத்தனை வருடம் அந்த ஆட்டத்தை எதிரே நின்று பார்த்தவன்! டிராகனுக்கும் அப்படித்தான். அரையிறுதியில் வலிக்கும் முழங்காலோடு பெக்கோ துள்ளித் துள்ளி ஆடுகிறான். அவனுக்கு ஈடுகொடுத்து ஆட ஆட டிராகனுக்குள் எதுவோ இளகுகிறது. அந்த மேட்சில் டிராகன் தோற்கிறான். ஆனால் முதன்முறையாக ஆட்டம் அவனுக்குச் சுகமாக இருக்கிறது. அணித் தோழர்களால் திறக்க முடியாத கதவை எதிராளி திறந்துவிடுகிறான்.

நம் ஊரில் இந்த உறவைத்தான் பெரியவர்கள் முதலில் வெட்டிவிடுகிறார்கள். "அவ உனக்கு காம்பெடிட்டர், அவகூட என்ன பேச்சு?", "உன் பயிற்சியைப் பத்தி அவன்கிட்ட சொல்லாதே." என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதிகாலைப் பயிற்சி, காயம், அணித் தேர்வில் பெயர் வராத நாளின் அவமானம், இவை எல்லாவற்றையும் விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்ளக்கூடிய ஒரே சக வயதுப் பிள்ளையிடம் பேசக்கூடாது என்கிறோம். இது பெரிய தவறு என்று உறுதியாகச் சொல்வேன். நட்பு வந்தால் வெறி குறைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். இறுதி ஆட்டத்தில் ஸ்மைல் தன் உயிர் நண்பனின் காயம்பட்ட முழங்காலைக் குறிவைத்தே பந்தை அடிக்கிறான். விட்டுக்கொடுத்தால் நண்பனை அவமதிப்பதாகும் என்று அவனுக்குத் தெரியும்.

மேட்ச் முடிந்து வரும் பிள்ளையிடம் ஸ்கோரைக் கேட்பதற்கு முன், எதிரே ஆடிய பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். அவள் சர்வீஸ் எப்படி இருந்தது, முடிந்ததும் ஏதாவது பேசிக்கொண்டீர்களா என்று. வெளியூர்ப் போட்டிகளில் இரண்டு பிள்ளைகளும் ஒரே மேசையில் சாப்பிட்டால் பிரித்து உட்கார வைக்காதீர்கள். விளையாட்டோடு சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்று வாரத்தில் சில மணி நேரமாவது இருக்கட்டும்: படம் வரைவதோ, சும்மா தெருவில் சுற்றுவதோ. அப்புறம், தூக்கமும் பசியும் பல நாள் கெட்டிருந்தால், பிடித்த பாடலைக்கூடக் கேட்காமல் இருந்தால், 'நான் இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது' என்பது போல ஒரு பேச்சு வந்தால், அடுத்த போட்டி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளையே அழைக்கலாம், பெற்றோரும் கோச்சும்கூட அழைத்து என்ன செய்வது என்று கேட்கலாம்.