ஜிதாய்கெகி: ‘சரித்திரப் படம்’ என்றால் சரியா?

சாமுராய் கதை சொல்லும் ஜப்பானியப் படங்களைத் தமிழில் அறிமுகப்படுத்துபவர்கள் யோசிக்காமல் ‘சரித்திரப் படம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஜப்பானியர் அந்த வகைக்கு வைத்திருக்கும் பெயர் ஜிதாய்கெகி. ‘ஜிதாய்’ என்றால் காலகட்டம், ‘கெகி’ என்றால் நாடகம். சரித்திரம் என்ற பொருள் இதில் எந்தப் பாதியிலும் இல்லை. வரலாற்றைக் குறிக்க அவர்களிடம் ‘ரெகிஷி’ என்று தனிச் சொல் உண்டு. (உச்சரிப்பு: ‘தா’ என்பதைப் ‘பந்தா’வில் வருவதுபோலவும், ‘கெ’ என்பதைச் ‘சங்கு’வில் வரும் ககர ஒலியோடும், கடைசிக் ‘கி’யைக் ‘கிளி’யில் வருவதுபோலவும் சொல்ல வேண்டும்.)

இந்தச் சொல்லுக்கு மூத்தது கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடக மேடையில் வழங்கிய ‘ஜிதாய்மோனோ’. பழங்காலத்துப் பிரபுக்கள், போர்வீரர்கள் கதை ஜிதாய்மோனோ. வணிகர், கைவினைஞர், தாசிகள் என்று ஊருக்குள் நடமாடும் மக்கள் கதை ‘செவாமோனோ’. அன்று ஆண்ட தொகுகாவா அரசு, சமகாலச் சாமுராய்க் குடும்பங்களின் விவகாரத்தை மேடையேற்றக் கூடாது என்று தடை போட்டிருந்தது. நாடகக்காரர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1701இல் எதோ நகரத்து (இன்றைய தோக்கியோ) கோட்டைக்குள் அசானோ என்ற பிரபு, கிரா என்ற அதிகாரி மேல் வாளை ஓங்கினார். அன்றைக்கே வயிற்றைக் கிழித்துச் சாகும்படி அவருக்கு உத்தரவானது. எஜமானை இழந்த அவருடைய ஆட்கள் 1703இன் தொடக்கத்தில் கிராவைக் கொன்று பழி தீர்த்தார்கள். 1748இல் இது பொம்மலாட்ட நாடகமானபோது கதை அப்படியே பதினான்காம் நூற்றாண்டுக்குப் போய்விட்டது. அசானோ, எஞ்யா ஹங்கான் ஆனார். கிரா, கோ நோ மொரோனாவோ ஆனார். பார்க்க வந்த எல்லாருக்கும் யார் யாரென்று தெரியும். ஆனால் யாரையும் பிடித்து உள்ளே போட முடியாது. ‘ஜிதாய்’ என்ற முன்னொட்டுக்கு அப்போதே இந்த வேலை இருந்தது: இன்றைய வழக்கைப் பழைய உடுப்பில் பேசுவது.

சினிமா வந்த புதிதில் கபுகியையே படம் பிடித்தார்கள். மகினோ ஷோசோ இயக்கி ஒனோவே மத்சுனோசுகே நடித்த அந்தக் காலப் படங்களில் பெண் வேடம் ஆண்களுக்கு, சண்டை என்பது நடன அசைவு. அதற்குப் பெயர் ‘க்யூஹா’, அதாவது பழைய பாணி. 1920களில் நடிகைகளும் வேகமான வாள்சண்டையும் வந்தபோதுதான் இதை அதிலிருந்து பிரித்துக்காட்ட ‘ஜிதாய்கெகி’ என்ற பெயர் நிலைத்தது. 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் தோக்கியோ சிதைந்ததால் படப்பிடிப்பு பெருமளவு கியோத்தோவுக்கு நகர்ந்தது. கோயில்களும் பழைய தெருக்களும் அங்கே ஏற்கெனவே இருந்ததால், சாமுராய் படம் என்றாலே கியோத்தோ என்றாகிவிட்டது. எதிர்ச்சொல் ‘கெந்தாய்கெகி’, இக்காலக் கதை. எல்லைக்கோடு ஏறக்குறைய 1868, அதாவது மெய்ஜி ஆட்சி மாற்றம். அதற்கு முன்னால் நடப்பதாகக் காட்டினால் ஜிதாய்கெகி. பெரும்பாலான கதைகள் 1603 முதல் 1868 வரையான எதோ காலத்துக்குள் அடங்கும்.

போர் முடிந்து 1945இல் வந்த அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம், பழிவாங்கலையும் எஜமான் பக்தியையும் புகழும் கதைகளைத் தடைசெய்தது. இயக்குநர் அகிரா குரோசாவா 1945இல் எடுத்த ஒரு முற்காலப் படம் 1952இல்தான் திரைக்கு வந்தது. அதன்பின் வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான் நாம் இன்று ‘உலக சினிமா’ என்று தேடிப் பார்க்கும் படங்களின் பொற்காலம்.

இனிப் படத்துக்குள் போவோம். சப்டைட்டிலை மட்டும் நம்பிப் பார்ப்பவருக்குப் பாதிக் கதை பிடிபடாது. முதலில் தலையைப் பாருங்கள். வேலையிலிருக்கும் சாமுராய் முன்மண்டையை மழித்து, பின்குடுமியை மடித்து உச்சியில் கட்டியிருப்பான். மழித்த இடத்தில் முடி வளர்ந்து கிடந்தால் அவன் எஜமானில்லாத ரோனின், அல்லது நோயாளி, அல்லது சவரத்துக்குக்கூட வழியில்லாதவன். வசனம் தொடங்கும் முன்பே ஆளின் நிலைமை தெரிந்துவிடும். அடுத்தது இடுப்பு. நீள வாள், குட்டை வாள் என்று இரண்டையும் செருகும் உரிமை சாமுராய்க்கு மட்டும். ஊர்க்காரன் ஒற்றைக் குட்டை வாள் வைத்திருக்கலாம். கத்தானா என்ற நீள வாளைக் கூர்விளிம்பு மேலே பார்க்க இடைக்கச்சில் செருகுவார்கள். கூர்விளிம்பு கீழே பார்க்கத் தொங்கினால் அது ‘தாச்சி’. பழைய காலத்து வாள், அல்லது சடங்கு உடை. விருந்தாளி தரையில் உட்காரும்போது வாளைத் தன் வலப்பக்கம் வைத்தால் ‘உருவமாட்டேன்’ என்று பொருள், ஏனென்றால் வலக்கையால் சட்டென்று உருவ முடியாது. இடப்பக்கம் வைத்தால் அறைக்குள் இருப்பவர்கள் உஷாராகிவிடுவார்கள். நல்ல இயக்குநர் இதற்கு ஒரு வசனமும் வைக்கமாட்டார்.

சம்பளம் ‘கொகு’ கணக்கில் வரும் (‘கொக்கு’ என்று எழுதினால் பறக்கத் தொடங்கிவிடும்). நம் கலம், மரக்கால் போல இதுவும் முகத்தல் அளவைதான்: ஒரு கொகு ஏறத்தாழ 180 லிட்டர், எடையில் சுமார் 150 கிலோ அரிசி. ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடும் அரிசி என்று கணக்கு. 10,000 கொகுவும் அதற்கு மேலும் விளைச்சல் மதிப்புள்ள நிலம் இருந்தால்தான் ‘தைம்யோ’ என்ற பிரபு தகுதி. இது தெரிந்தால் 50 கொகு சாமுராய் ஏன் வீட்டில் உட்கார்ந்து பூச்சிக்கூண்டு பின்னுகிறான் என்பது விளங்கும். அரிசியாக வருவதை விற்றுத்தான் உப்பு, மருந்து, விறகு, வேலையாள் கூலி, பழைய கடன் எல்லாம்.

சப்டைட்டில் அதிகம் சொதப்புவது நேரத்தில். பகலை ஆறாகவும் இரவை ஆறாகவும் பிரித்தார்கள். கோடையில் பகல் கூறு நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். மணியோசை நண்பகலுக்கு ஒன்பது, பிறகு எட்டு, ஏழு, அந்திக்கு ஆறு, அப்புறம் ஐந்து, நான்கு, நள்ளிரவுக்கு மறுபடி ஒன்பது என்று இறங்குமுகம். ஆகவே ‘ஏழு அடித்தது’ என்றால் ஏழு மணி இல்லை, நாலு மணி சுமார். மொழிபெயர்ப்பாளர் அப்படியே ‘ஏழு மணி’ என்று போட்டால், வெயில் காயும் காட்சியில் இரவு என்று நினைத்துக் குழம்புவோம். தன்னைக் குறிக்கும் சொற்களிலும் இதே இழப்பு. சாமுராய் ‘செஸ்ஷா’ என்று தாழ்த்திச் சொல்வது நம் ‘அடியேன்’ போன்றது. ஆங்கிலம் வழியாக வரும்போது வெறும் ‘நான்’ ஆகிவிடும். ஏளனமும் பணிவும் ஒன்றாகக் கேட்கும்.

படங்கள் தாமாகவே விட்டுவிட்டதும் உண்டு. எதோ காலத்தில் மணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கி, புருவத்தை மழித்துக்கொண்டார்கள். போருக்குப் பிந்திய படங்களில் பெரும்பாலும் இது கிடையாது. நாயகியின் முகம் இக்கால ரசிகருக்கு உவக்காது என்பதுதான் காரணம். உடையிலும் வாளிலும் அத்தனை கறாராக இருப்பவர்கள் இதில் நழுவுவது வேடிக்கை.

காலம் எவ்வளவு துல்லியமாக ஒளிந்திருக்கும் என்பதற்கு குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) ஓர் உதாரணம். உழவர் வீட்டில் பிறந்த கிகுச்சியோ என்ற பாத்திரம் குடிபோதையில் ஒரு வம்சாவளிச் சுருளை நீட்டி, நானும் சாமுராய்தான் என்கிறான். அதைப் படித்த தலைவர், தென்ஷோ இரண்டாம் ஆண்டில் பிறந்திருக்கிறாய், அப்படியானால் உனக்கு வயது 13 என்று சிரிக்கிறார். தென்ஷோ என்பது ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் ஒரு சகாப்தத்தின் பெயர். அதன் 2ஆம் ஆண்டு 1574. பிறந்தவுடன் ஒரு வயது என்று எண்ணும் பழைய முறையில் கூட்டினால் கதை நடப்பது 1586. அன்று ஜப்பானை ஆண்ட தொயோதோமி ஹிதெயோஷி உழவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிமுதல் செய்த ஆணை 1588இல் வந்தது. உழவன் மகன் வாள் தூக்கிச் சாமுராய் வேடம் போட முடிந்த கடைசி நேரத்தில் படம் நிற்கிறது. அந்தச் சிரிப்புக்குள் இவ்வளவு இருக்கிறது.

சீனமும் கொரியாவும் இதே வகையை வேறு கண்ணோட்டத்தில் பெயரிட்டிருக்கின்றன. கொரியாவின் ‘சகுக்’ என்பதில் ‘ச’ வரலாறு. ‘குக்’ என்பது ‘கெகி’க்குரிய அதே சீன எழுத்து. சீனர்கள் ‘கூச்சுவாங்’ நாடகம், அதாவது பழைய உடுப்பு நாடகம் என்கிறார்கள். மூன்றில் உண்மையிலேயே நேர்மையான பெயர் சீனர்களுடையதுதான் என்று படுகிறது.

தமிழுக்கு வருவோம். புராணப் படம், சரித்திரப் படம், சமூகப் படம் என்று நம்மவர்கள் முப்பிரிவு வைத்திருந்தார்கள். கெந்தாய்கெகிக்குச் ‘சமூகப் படம்’ கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ‘சரித்திரப் படம்’ என்றதும் நம் மனம் அரியணையைத் தேடுகிறது: பட்டாபிஷேகம், சதிகார மந்திரி, கோட்டை முற்றுகை. ‘ராஜா ராணிப் படம்’ என்ற பேச்சுவழக்கு இன்னும் வெளிப்படை. ஜிதாய்கெகியில் பேரரசர் தென்படுவதே அபூர்வம். கதை கடைநிலைக் கணக்கனுக்கும் வேலை போன வாள்வீரனுக்கும் குருட்டுச் சூதாடிக்கும் உரியது. பெரும்பாலோர் கற்பனை மாந்தர். அதனால் ‘முற்காலப் படம்’ என்பதே பொருளுக்கு நெருக்கம். தொலைக்காட்சிக்கு ‘முற்காலத் தொடர்’. ‘காலப்படம்’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் எந்தக் காலம் என்ற கேள்வி தொக்கி நிற்கும். ‘பீரியட் படம்’ என்று இப்போது எல்லாரும் சொல்வது பொருளில் தவறில்லை, காதுக்குத்தான் ஒட்டவில்லை. நோபுனாகா, இயெயாசு போன்ற மெய்யான ஆட்களை வைத்து 1963 முதல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே நடத்திவரும் ‘தைகா’ தொடர்களுக்கு மட்டும் ‘சரித்திரத் தொடர்’ என்று எழுதுவதில் தடையில்லை.

‘சன்பரா’ என்ற சொல்லையும் இதற்கு மாற்றாகப் போடுகிறார்கள். அது வாள் மோதும் ஒலிக்குறிப்பிலிருந்து வந்த பெயர். ஜிதாய்கெகிக்குள் ஓர் உட்பிரிவு. தமிழில் ‘வாள்சண்டைப் படம்’ என்றே எழுதலாம். முற்காலப் படங்களில் வாள் உறையை விட்டே வராதவையும் இருக்கின்றன.