எம்.சி.பி. விழாமலே பிளக் உருகுவது எப்படி?

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி வாட்டர் ஹீட்டர் பற்றியதுதான். போன வாரம் ஒரு வீட்டில் குளியலறைக்கு வெளியே இருந்த பிளக் பாயிண்ட் பழுப்பேறி, ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் இளகி, மீன் கருகினது போல வாடை. "எம்.சி.பி. விழவே இல்லையே தம்பி, அப்புறம் எப்படி உருகும்?" என்று அந்த அம்மா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். எம்.சி.பி. என்பது கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கர்.

ஹீட்டர் ஓடும்போது சுவிட்ச் போர்டுக்குள் வரும் வோல்டேஜ் 228, ஹீட்டர் முனையில் 223, ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 8.4 ஆம்ப்ஸ். (மின்சாரம் ஓடும்போது திறந்து அளப்பது பழகியவர்கள் செய்யும் வேலை, நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம்.) வோல்ட்டை ஆம்ப்ஸால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ் (கரண்டுக்கு இருக்கும் தடை, ஓமில் சொல்வோம்), பெருக்கினால் வாட், அவ்வளவுதான் கணக்கு. 223-ஐ 8.4-ஆல் வகுத்தால் சுமார் 26.5 ஓம். 230 வோல்ட்டுக்குச் செய்த 2000 வாட் ஹீட்டருக்கு இருக்க வேண்டிய ரெசிஸ்டன்ஸ் அதுவேதான். ஆக ஹீட்டரில் கோளாறு இல்லை.

சரி, நடுவில் அந்த 5 வோல்ட் எங்கே போனது? ஒன்றரை மீட்டர் வயரில் அரை வோல்ட்கூட இறங்காது. மீதி நாலரை வோல்ட்டும் பிளக்கின் பின் போய் உட்காரும் அந்தச் சின்ன இடத்தில்தான் இறங்குகிறது. நாலரையை 8.4-ஆல் வகுத்தால் அரை ஓமுக்குக் கொஞ்சம் மேல், பெருக்கினால் 38 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், அதன் முனையிலேயே ஈயம் உருகுகிறது. இதே 38 வாட் இருபது மீட்டர் வயர் முழுக்கப் பரவியிருந்தால் பெரிதாகத் தெரியாது, ஒரு பட்டாணி அளவு இடத்தில் மொத்தமும் சேர்ந்ததால் பிளாஸ்டிக் இளகிவிட்டது.

இதை எம்.சி.பி. கண்டுபிடிக்காது. ஆம்ப்ஸ் கூடினால்தான் அது விழும். இங்கே 26.5 ஓமோடு இன்னொரு அரை ஓம் சேர்வதால் ஆம்ப்ஸ் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. கசிவுக்கென்று வைக்கும் பிரேக்கரான ஆர்.சி.சி.பி.யும் விழாது, கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால்தான் அதற்குத் தெரியும். அதனால்தான் "பிரேக்கர் இருக்கே" என்று யாராவது நிம்மதியாகச் சொன்னால் எனக்குப் பக்கென்றாகிறது.

அங்கே நடந்தது இதுதான்: ஹீட்டரின் 16 ஆம்ப்ஸ் பிளக்கை பெரிய பிளக்கைச் சின்னப் பாயிண்டில் செருக உதவும் ஒரு கன்வர்ட்டர் வழியாக 6 ஆம்ப்ஸ் பாயிண்டில் செருகியிருந்தார்கள். எம்.சி.பி. விழும் அளவு இல்லை என்றாலும், அந்தப் பாயிண்ட் தாங்க வேண்டியதைவிட அதிகக் கரண்ட் தினமும் ஓடி உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி சூடாகித் தளர்கிறது, தளர்ந்த இடம் கறுக்கிறது, கறுத்தால் ரெசிஸ்டன்ஸ் கூடுகிறது, கூடினால் சூடு இன்னும் ஏறுகிறது. தயவுசெய்து ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு எதற்கும் அந்தக் கன்வர்ட்டர் வேண்டாம். கால் மணி நேரம் ஓடியதும் சுவிட்சை அணைத்துவிட்டு உலர்ந்த கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாமல் சுட்டாலோ பழுப்பு தெரிந்தாலோ மறுபடி போடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மெயினை அணைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, 16 ஆம்ப்ஸ் பாயிண்ட் வைத்து, ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு மறுபடி அளந்தேன். போர்டில் 228, ஹீட்டரில் 227.6. அந்த அம்மாவே அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பார்த்தார்.