ஆமி பாக் எடையை எந்த எலும்பில் இறக்குகிறது?

கொழும்பில் மலையேறப் போகும் பொடியன்களிடம் இராணுவ முதுகுப்பை வந்து சேரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் ஒரு அண்ணா, படைகள் கழித்த சாமானை விற்கும் சர்ப்ளஸ் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று ஒன்றை வாங்கி வருவார். "ஆமிச் சாமான், லேசில அறாது" என்ற உத்தரவாதமும் கூடவே வரும். அறாது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் நல்லதண்ணிப் பக்கத்தால் சிவனொளிபாதமலை ஏறுகிறவருக்கும், கூடாரமும் சமையல் சாமானுமாக நக்கிள்ஸ் மலைக்குப் போகிறவருக்கும் துணியின் உறுதியைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. பைக்குள் இருக்கும் 20 கிலோவும் உடம்பின் எந்த எலும்பில் போய் இறங்குகிறது?

இறங்குவதற்கு இரண்டே இடங்கள்தான் உண்டு: தோள் அல்லது இடுப்பு.

தோள் எடை சுமப்பதற்கென்று அமைந்த இடமில்லை. கைக்குப் போகும் நரம்புகள் கழுத்திலிருந்து பின்னலாக இறங்கி, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான வழியால்தான் கைக்கு வருகின்றன. பாரமான பையின் தோள்பட்டி அழுத்துவதும் அதே பக்கத்தைத்தான். முதலில் விரல் விறைக்கும். நீண்ட நேரம் பொறுத்துக்கொண்டு நடந்தால் கை பலமிழக்கும். சிலருக்குத் தோள்பட்டை எலும்பு சிறகுபோல் பின்னால் புடைத்து நிற்பதும் உண்டு. புதிதாகப் படையில் சேர்ந்தவர்களுக்கு இது அடிக்கடி வந்ததால் இராணுவ மருத்துவத்தில் இதற்கு 'ரக்சாக் பால்சி' என்று தனிப் பெயரே இருக்கிறது. பெரும்பாலானோருக்கு மெல்லமெல்ல மாறிவிடும், ஆனால் மாதக்கணக்கு ஆகலாம்.

இடுப்பெலும்பு அப்படியில்லை. அதன் மேல்விளிம்பில் இறங்கும் எடை முதுகெலும்பைத் தொடாமல் நேரே தொடைக்குப் போய்விடும். விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தினால் தட்டுப்படும் கட்டியான விளிம்புதான் அது. இடுப்புப்பட்டி அந்த விளிம்பின் மேல் உட்கார வேண்டும். வயிற்றில் கட்டினால் மூச்சு முட்டும், எடை இறங்காது.

பட்டி மட்டும் இருந்தும் பயனில்லை. துணிப்பைக்கு விறைப்பு கிடையாது. நிரப்பியதும் கீழே தொய்ந்து மடியும், எடை முழுவதும் மறுபடி தோளுக்கே போகும். அதை மேலிருந்து பட்டிக்குக் கடத்த விறைப்பான ஏதாவது ஒன்று வேண்டும். அலுமினியக் குழாயில் செய்த பிரேமின் வேலை அதுதான். அப்படிப் பிரேம் இருந்தும் இடுப்புக்குப் போவது நாம் நினைக்கிற அளவில்லை. அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் 2004 இல் வெளியிட்ட அளவீட்டில், பிரேமும் இடுப்புப்பட்டியும் உள்ள பையின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத்தான் கீழ்முதுகும் இடுப்பும் தாங்கின. மிச்சம் தோளில். பையின் எடையைக் கூட்டியபோதும் இந்தப் பங்கு பெரிதாக மாறவில்லை.

அப்படியானால் இராணுவத்தின் பைகளில் இடுப்புப்பட்டி தடிப்பாக, அகலமாக இருந்திருக்க வேண்டுமே? பழையவற்றில் அப்படி இல்லை. சர்ப்ளஸ் கடைகளில் அதிகம் கிடைக்கும் அமெரிக்க 'ஆலிஸ்' பை 1973 இல் அந்த நாட்டு இராணுவத்தில் ஏற்கப்பட்டது. அதன் பிரேமின் அடியில் இருப்பது கீழ்முதுகில் படும் ஒரு சிறிய மெத்தையும் மெல்லிய நாடாவும்தான். வடிவமைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. சிப்பாயின் இடுப்பில் ஏற்கெனவே வேறொரு பட்டி இருந்தது, அதில் தண்ணீர்ப் போத்தல், ரவைக்கூட்டுப் பைகள், முதலுதவிப் பொதி. அந்த இடத்தில் இன்னொரு அகலப் பட்டிக்கு இடமே இல்லை. பிரித்தானிய இராணுவத்தின் 'பேர்கன்' பைகளில் முதுகுநீளம் குறைந்த வகை ஒன்று உண்டு. இடுப்பைச் சுற்றிய ரவைப்பைகளுக்கு மேலே உட்காருவதற்காகவே அப்படிக் குட்டையாகச் செய்தார்கள். ஆலிஸின் தோள்பட்டியில் இருக்கும் சட்டென்று கழற்றும் கொழுவியும் அதே கதைதான். சூடு தொடங்கினால் பையை நொடியில் கீழே போட்டுவிட்டுப் படுக்க வேண்டுமே.

ஹோட்டன் சமவெளியில் நம்மை யாரும் சுடப்போவதில்லை. நம் இடுப்பும் காலியாகவே இருக்கிறது. அதாவது, பழைய ஆமி பாக்கின் மிகப் பெரிய குறை, நமக்கு இல்லாத ஒரு கட்டாயத்தால் வந்த குறை. அதை மாற்றிவிடலாம்.

இதை ஏற்கெனவே கண்டுகொண்டவர்கள் வட அமெரிக்காவின் வேட்டைக்காரர்களும் நெடுந்தூரம் நடப்பவர்களும். வீதியிலிருந்து பல கிலோமீற்றர் உள்ளே போய் ஓர் எல்க் மானைச் சுட்டால் இறைச்சியைத் துண்டுதுண்டாக முதுகில்தான் கொண்டுவர வேண்டும். வளர்ந்த ஆண் எல்க்கின் பின்தொடை ஒன்றே 20 கிலோவைத் தாண்டும். ஆலிஸ் பிரேமிலிருந்து பையைக் கழற்றிவிட்டு, அடியில் ஒரு தட்டைப் பூட்டி, தொடையை அதில் நிறுத்தி நாடாவால் இறுக்கிக் கட்டுகிறார்கள். பொதி எந்த வடிவத்தில் இருந்தாலும் பிரேமுக்குக் கவலையில்லை. பழைய மெல்லிய நாடாவையும் கழற்றி எறிந்துவிட்டு, 1990களின் இறுதியில் அதே இராணுவத்துக்கு வந்த 'மொலி' பையின் தடித்த இடுப்புப்பட்டியை அதே பிரேமில் பூட்டுகிறார்கள். இரண்டு தலைமுறைச் சாமானைக் கலந்து கட்டிய இந்த ஒட்டுப்பை, தனித்தனியே அந்த இரண்டையும்விட வசதியானது என்பது என் எண்ணம்.

இலங்கையில் வன சீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தால் இன்று வேட்டை என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஆனால் தண்ணீர்க் கலனும் காஸ் சிலிண்டரும் ஐந்து பேருக்கான அரிசியும் பின்தொடைக்குக் குறைந்த பாரமில்லை.

அடுத்தது, பாரத்தைப் பைக்குள் எங்கே வைப்பது என்பது. 20 கிலோவின் ஈர்ப்பு மையம் முதுகெலும்பிலிருந்து 20 சென்ரிமீற்றர் பின்னால் இருந்தால், அது நம்மைப் பின்னால் இழுக்கும் திருப்பம் ஏறக்குறைய 39 நியூற்றன் மீற்றர். 30 சென்ரிமீற்றர் என்றால் 59. எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை, ஆனால் இழுவை பாதிப்பங்கு கூடிவிட்டது. அதைச் சமன்செய்ய உடம்பு முன்னால் வளையும், கீழ்முதுகுத் தசைகள் நாள் முழுவதும் இறுகியே நிற்கும். எனவே தண்ணீரும் டின்மீனும் முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே. படுக்கைப் பையும் உடுப்பும் வெளிப்பக்கத்திலும் அடியிலும். பாறையில் கைவைத்து ஏறும் பாதை என்றால் பாரத்தைச் சற்றுக் கீழே இறக்கிக்கொள்ளலாம், ஆட்டம் குறையும்.

ஆலிஸ் போலப் பிரேம் வெளியே இருக்கும் பைக்கு இந்த இடத்தில் ஒரு நட்டம். பிரேமுக்கும் முதுகுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் பாரம் சில சென்ரிமீற்றர் பின்னால் தள்ளிப்போகிறது. அதே இடைவெளியால்தான் காற்றும் போகிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியாகும்போது ஏறக்குறைய 24 இலட்சம் ஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துச் செல்லும். முதுகோடு ஒட்டிய பைக்கடியில் வியர்வை ஆவியாகாது, வழிந்து காற்சட்டையை நனைக்கும். அவ்வளவுதான். நம் ஈரப்பதத்தில் வெளியே தெரியும் தோலிலேயே வியர்வை காயத் தயங்கும். இந்த நாட்டுக்கு அந்தச் சில சென்ரிமீற்றர் நட்டத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆலிஸின் பெரிய பை பிரேமோடு கிட்டத்தட்ட 3 கிலோ. இன்றைய மலையேற்றப் பைகள் அதில் பாதிதான். இந்த ஒன்றரைக் கிலோவுக்காகவே சிலர் ஆமி பாக்கைத் தொடமாட்டார்கள். கணக்குப் பார்ப்போம். சுமையோடு நடக்க எவ்வளவு சக்தி செலவாகும் என்று கணிக்க 1977 இல் வெளியான பாண்டோல்ஃப் சமன்பாட்டை இராணுவங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. உடல் எடை, சுமை, வேகம், ஏற்றம், தரையின் தன்மை ஆகியவற்றைக் கொடுத்தால் செலவை வாற்றில் சொல்லும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் சுமையில்லாமல் மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் சமதரையில் நடக்க ஏறத்தாழ 200 வாற்று. முதுகில் 20 கிலோ ஏறினால் 256. அதே வேகத்தில் 10 சதவீத ஏற்றத்தில் ஏறினால் 567. அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் 8 வாற்றுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகிறது. ஒன்றரைக் கிலோ மிகுதிக்கு 11 அல்லது 12 வாற்று, மொத்தத்தில் 2 சதவீதம். இதற்கா இவ்வளவு சண்டை?

தரை செய்யும் வேலை வேறு. தார் வீதிக்கு 1 என்று வைத்தால் அடர்ந்த பற்றைக்காட்டுக்கு 1.5, தளர்ந்த மணலுக்கு 2.1 என்று அந்தச் சமன்பாடு பெருக்கிக்கொள்கிறது. பாதையை விட்டு விலகி 'குறுக்கால போவம்' என்று சொல்லும் நண்பரின் விலை, பையின் எடையைவிடப் பல மடங்கு.

சப்பாத்துக் கணக்கு இன்னும் மோசம். காலில் மாட்டிய ஒரு கிலோ, முதுகில் வைத்த ஏறக்குறைய 5 கிலோவுக்குச் சமமான சக்தியைக் கேட்கும். ஒவ்வோர் எட்டிலும் அதை வேகப்படுத்தி, நிறுத்தி, மறுபடி வேகப்படுத்த வேண்டியிருக்கிறதே. ஆமி பாக்கோடு ஆமிச் சப்பாத்தும் வந்திருந்தால் பையை வைத்துக்கொண்டு சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தோளும் இடுப்பும் தவிர மூன்றாவது இடம் ஒன்று உண்டு என்று மலையகத்தவர்கள் சொல்லக்கூடும். கொழுந்துக் கூடையின் கயிறு தோட்டத்துப் பெண்களின் தலையில்தான் நிற்கிறது. நேபாளத்துச் சுமைதூக்கிகள் நெற்றிப்பட்டியில் தம் உடல் எடைக்கு நெருங்கிய சுமையைச் சராசரியாகக் கொண்டுபோவதை 2005 இல் ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஐரோப்பியர் முதுகுப்பையில் அதே சுமையைக் கொண்டுபோகச் செலவிடும் சக்தியைவிட அவர்களுக்குக் குறைவாகவே செலவானது. அது சிறுவயதிலிருந்து பழகிய கழுத்து. சனி ஞாயிறில் மட்டும் மலைக்குப் போகும் வெள்ளவத்தைக் கழுத்துக்கு அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புள்ளியும் திட்டுமாக அச்சிட்ட படைத்துணிப் பைகளை வாங்காதீர்கள். போர்க்காலச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டி வளர்ந்த தலைமுறைக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை, பிறகு பிறந்தவர்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிறவரிடம் ஒற்றை நிறம், முடிந்தால் கறுப்போ மண்ணிறமோ, என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படியும் பச்சைதான் வந்தது என்றால் மேலே ஒரு நீல மழையுறை.

கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பிரேமில் குழாய்கள் சேரும் இடங்கள். ஆணியடித்த இடத்தைச் சுற்றி மயிரளவு வெடிப்பு இருந்தால் பாரம் ஏறியதும் அங்கேதான் விடும். பிறகு பையின் உட்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நைலோன் துணி தண்ணீரை மறிக்காது. மறிப்பது உள்ளே பூசியிருக்கும் மெல்லிய பொலியூரித்தேன் படலம். கொழும்பில் சாகப்போவது இந்தப் படலம்தான்.

பல பொலியூரித்தேன்களின் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஈரம் அந்தப் பிணைப்பை வெட்டும். வெட்டுப்பட்ட இடத்தில் ஓர் அமிலம் உண்டாகும், அந்த அமிலம் பக்கத்துப் பிணைப்பு வெட்டுப்படுவதை இன்னும் விரைவாக்கும். அதனால் பல வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அலுமாரியைத் திறந்தால் பையின் உட்புறம் வெயிலில் உருகிய டொபிபோல் கையில் ஒட்டும். புளித்த வாந்தியின் மணம்கூட வரும். இன்னும் கொஞ்சம் போனால் செதிள்செதிளாக உதிர்ந்து சோற்றுப் பார்சலின் மேல் கிடக்கும். பாலைவனக் களஞ்சியத்தில் நெடுங்காலம் தாங்கும் பை, காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கும் நம் ஊரில் அவ்வளவு நாள் தாங்காது.

ஒட்டத் தொடங்கிய படலத்தை மறுபடி நல்லாக்க வழியில்லை. முழுதாகச் சுரண்டித் தேய்த்து எடுத்துவிடலாம், துணிக்கு ஒன்றும் ஆகாது. 1000 டெனியர் நைலோன் என்றால், 9000 மீற்றர் நூல் ஒரு கிலோ நிறுக்கும் அளவு தடிப்பு. படலம் போனாலும் அந்த நூலின் பலம் போவதில்லை. தண்ணீரை மறிக்க, பைக்குள்ளே ஒரு தடித்த பொலித்தீன் பையை விரித்து, வாயை முறுக்கிக் கட்டினால் போதும். படலம் நன்றாகவே இருந்தாலும் சிவனொளிபாதமலை மழைக்கு நான் அதை நம்பமாட்டேன், தையல் ஓட்டைகளால் தண்ணீர் வந்தே தீரும்.

படலம் இன்னும் நன்றாக இருக்கும் பை கிடைத்திருந்தால், மலையிலிருந்து வந்த அன்றே எல்லா ஸிப்பையும் மூடியையும் திறந்து, நிழலில், காற்றாடிக்குக் கீழே தலைகீழாகத் தொங்கவிடுங்கள். மடித்து வைக்காமல் தொங்கியபடியே விட்டால் இன்னும் நல்லது. காரின் டிக்கியில் மட்டும் விடவேண்டாம். வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் இந்த வெட்டுப்படல் ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் நடக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அப்படி இரண்டு பத்துப் பாகை ஏற அரை மணித்தியாலம் போதும்.