ஆஞ்சியோஎடிமா: கசிவு வீக்கம்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு ஆயாவைப் பேரன் பைக்கில் உட்காரவைத்து எங்கள் அவசரப் பிரிவுக்குக் கூட்டிவந்தான். மேலுதடு பலாச்சுளையாய் உப்பியிருந்தது. அரிப்பும் இல்லை, தடிப்பும் இல்லை. "காணாக்கடின்னு வெத்தலையில மிளகு வெச்சுக் குடுத்தோம், கேக்கலைங்க" என்றான். 'ஆஞ்சியோஎடிமா' என்று நான் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. "ஆயாவுக்கு ஹார்ட்டுல அடைப்புங்களா?"

ஆஞ்சியோ என்றால் நம் ஊரில் ஆஞ்சியோகிராம்தானே, பாவம். கிரேக்கத்தில் 'ஆங்கெயோன்' என்பது கலம், பாத்திரம். மருத்துவத்தில் அது ரத்தக்குழாய் ஆயிற்று. 'ஓய்டேமா' வீக்கம். வீங்கிய பாதம் உடையவன் என்று பொருள்படும், கிரேக்கக் கதை மன்னன் ஈடிபஸின் பெயரும் இதே வேரில் வந்ததுதான். ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் குவிங்கே 1882-ல் விவரித்ததால் குவிங்கே வீக்கம் என்றும் சொல்வார்கள்.

இதை 'ரத்தக்குழாய் வீக்கம்' என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். குழாய் வீங்குவதில்லை. புதுப்பானை கசிவதுபோல அதன் சுவர்வழியே நீர் கசிந்து தோலுக்கடியில் தேங்குகிறது. அதனால் 'கசிவு வீக்கம்' என்றே நான் எழுதுகிறேன். காணாக்கடி மேல்தோலில் தடிக்கும். இது அதற்கும் ஆழத்தில். நாக்கிலோ குரல்வளையிலோ வந்தால் மூச்சுவழி அடைபடும். குரல் கம்மினால், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், மூச்சிழுக்கையில் கீச்சொலி கேட்டால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. உட்காரவைத்தபடியே 108-ல் ஏற்ற வேண்டும்.

கசிவுக்குக் காரணம் இரண்டு. ஒவ்வாமையில் உடல் வெளிவிடும் ஹிஸ்டமின் என்றால் பெரும்பாலும் அரிப்பும் தடிப்பும் கூடவரும். குளவி கொட்டினால் வருவது இந்த வகை. பெரியவர்களுக்குத் தொடைத் தசையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம் உயிர்காக்கும். எது என்று தெரியாமல் மூச்சு முட்டினாலும் அதைப் போடத் தயங்கக் கூடாது. ரத்தக்குழாயைக் கசியவைக்கும் இன்னொரு உடற்பொருளான பிராடிகைனின் என்றால் அட்ரினலின், அவில், ஸ்டீராய்டு எதுவும் பெரிதாகக் கேட்காது. பரம்பரையாய் வருவதற்கு சி1 தடுப்பான், இகாட்டிபன்ட் என்ற மருந்துகள். அவை இல்லாத இடத்தில் உறையவைத்த பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. தொண்டை முழுதும் அடைபடுமுன் குழாய் செருகிவிட வேண்டும், முடியாவிட்டால் கழுத்தின் முன்புறம் திறக்க வேண்டும்.

பிராடிகைனினைத் தேக்கும் பிரஷர் மாத்திரைகளின் பெயர் 'பிரில்' என்று முடியும்: எனாலபிரில், ராமிபிரில். வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்து திடீரென்றும் வீங்கவைக்கும். ஆயாவின் சுருக்குப்பையில் இருந்த அட்டை எனாலபிரில். குரல் தெளிவாக இருந்தது. இரவு முழுதும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். விடிந்ததும் வீக்கம் வடிந்திருந்தது. மாத்திரையை மாற்றி, அவர் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்: 'கசிவு வீக்கம் வந்தவர். பிரில் மாத்திரை இனி கூடாது.'